சங்கின் மூச்சு

பதிவேட்டில் அதற்குப் பெயர் அபாய எச்சரிக்கை சைரன். எங்களுக்குச் சங்கு. பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த புதிதில் உள்ளே ஏதோ ஒலிபெருக்கி இருக்கும் என்று நினைத்திருந்தேன். வலைக்கம்பியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு மோட்டார், அதன் தண்டில் வளைந்த இறக்கைகள் கொண்ட அலுமினியச் சக்கரம், சுற்றிலும் ஜன்னல் ஜன்னலாக வெட்டிய அசையாத வளையம். அவ்வளவுதான். சக்கரம் காற்றை நடுவில் இழுத்து வெளியே தள்ளும். ஜன்னல்கள் திறந்து மூடி அந்தக் காற்றை நறுக்கும். நிமிடத்துக்கு 2,850 சுற்று, 8 ஜன்னல் என்றால் 380 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 380 நறுக்கு; அதுதான் சங்கின் சுருதி. 1819இல் பிரெஞ்சு அறிவியலாளர் கனியார் த லா தூர் செய்த கருவியிலும் இதே நறுக்கல்தான். அது தண்ணீருக்குள்ளும் ஒலித்ததால் கிரேக்கக் கதையின் கடல் மோகினிகளான சைரன்களின் பெயரை வைத்தார்.

ஒருமுறை மோட்டார் ரீவைண்டிங் முடிந்து, உள்ளே கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றி வந்தது. ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். ஜன்னல்களில் குளவி கட்டியிருந்த மண்கூட்டைச் சுரண்டி, பேரிங்குக்கு அளவாகக் கிரீஸ் வைத்து, சக்கரம் வளையத்தில் உரசவில்லையா என்று கையால் சுற்றிப் பார்த்தேன். இறங்கி வந்து ஸ்விட்சைப் போட்டேன். சுருதி அளக்கும் செல்போன் செயலி 380 என்றே காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூத்த ஃபோர்மேன் வெளிக்கதவருகே நின்று கேட்டுவிட்டு வந்தார். "தம்பி, சுருதி சரி. மூச்சு எங்கே?"

நான் மறுபடியும் செல்போனைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. "சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது?"

என்னிடம் பதில் இல்லை. கரண்டை நிறுத்தியதும் சக்கரம் உடனே நிற்காது. முனகிக்கொண்டே மெல்ல இறங்கும். பேரிங் தேய்ந்திருந்தால் அந்தக் கடைசி முனகலில் கரகரப்புத் தெரியும். அதற்குக் காது கொடுத்துப் பழகிய நான், அன்றுதான் அந்த நேரத்தில் மேலேறிக் கண்ணால் பார்த்தேன். சக்கரம் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுருதிக்கு வேகம் போதும்; சத்தத்துக்குக் காற்று வேண்டும். வளைந்த இறக்கை எதிர்ப்பக்கம் சுற்றினால் காற்றை அரைகுறையாகத்தான் தள்ளும்.

சுற்றும் திசை மாற, மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த சோதனையில் ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது.

சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சங்கின் வெளிக்கூட்டின் மேலேயே இருந்திருக்கிறது. முந்தைய வருடம் அதன் மேல் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தவன் நானேதான். அன்று சாயங்காலம் மறுபடி ஏறி, பிளேடால் சுரண்டினேன். அடியில் சிவப்பு அப்படியே இருந்தது.