மேனேஜர் வேலைக்குப் படிப்பவர்கள் ஸ்டோர் ரூமையும் பாருங்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் வந்தால் கேட்பது இதைத்தான்: "அண்ணா, ரெஸ்டாரண்ட் மேனேஜர் ஆகணும்னா என்ன படிக்கணும்?" படிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நேர் வழி தரமணியில் இருக்கும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி, ஐ.எச்.எம். பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் போய்விடலாம். மூன்று வருட பி.எஸ்சி.க்கு என்.சி.எச்.எம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், அதனால் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். சேவைத் துறைக்கான மனப்பாங்கைப் பார்க்கும் பகுதி ஒன்று உண்டு. ஹோட்டலில் சாப்பாடு பரிமாறும் ஹாலில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவனுக்கு அது சும்மா கிடைக்கிற மார்க். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அரசு நிறுவனமான தாட்கோ செலவை ஏற்றுப் படிக்க வைக்கும் திட்டமும் இருக்கிறது, அறிவிப்பு வரும்போது விடாதீர்கள்.

நான் அந்த வழியில் வரவில்லை. எம்.சி. ரோடு பக்கம் சப்ளையர், அப்புறம் சப்ளையர்களை மேய்க்கும் கேப்டன், அப்புறம் பில்லிங். டிகிரி தபால் வழியில் முடித்தது. ஆகவே எனக்குத் தெரிந்த பரீட்சை இண்டர்வியூதான்.

பெரம்பூரில் ஓர் அசைவ ரெஸ்டாரண்ட். முதலாளி என் சர்டிபிகேட் ஃபைலைத் திறக்கவே இல்லை. ஸ்டோர் நோட்டை மேஜையில் வைத்து, "இந்த மாசம் ஃபுட் காஸ்ட் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்றார். ஃபுட் காஸ்ட் என்றால் விற்பனையில் எத்தனை சதவீதம் சமையல் சரக்குக்குப் போனது என்பது. சூத்திரம் எளிது. மாத ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்து, வரும் தொகையை விற்பனையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஆரம்ப இருப்பு 1,20,000, கொள்முதல் 6,40,000, கடைசி இருப்பு 1,00,000 என்றால் செலவானது 6,60,000. விற்பனை 18 லட்சம் என்றால் ஏறக்குறைய 37 சதவீதம். விற்பனையில் 5 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்க்கக் கூடாது, அது நம் காசு இல்லை.

கணக்கை யாரும் போட்டுவிடலாம். அடுத்து அவர் கேட்டதுதான் கேள்வி: "ஏன் ஏறிச்சு?"

நோட்டில் இருந்தது மே மாதக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, காசிமேட்டில் நாட்டுப்படகு கொண்டுவருவதுதான். விலை ஏறும், மெனு கார்டில் அச்சடித்த விலை ஏறாது. மீன் அயிட்டங்களைக் கார்டிலிருந்து எடுத்துப் பலகையில் அன்றன்றைய விலையோடு எழுதலாம் என்றேன். "அது சரி, ஒரு ஸ்லைஸ் நமக்கு என்ன விலை அடக்கம்?" என்றார்.

இங்கேதான் பலர் விழுவார்கள். முழு வஞ்சிரம் கிலோ 900 ரூபாய் என்று வையுங்கள். 100 கிராம் துண்டு 90 ரூபாய் என்று வாய் தானாகச் சொல்லும். தலை, வால், குடல் போக 700 கிராம் துண்டு தேறினால் அடக்கம் கிலோவுக்கு 1,286, துண்டுக்கு ஏறக்குறைய 129. தலை குழம்புக்குப் போகும், அதற்கும் ஒரு விலை உண்டுதான். ஆனால் முதல் கணக்கு இப்படித்தான் போட வேண்டும். இதற்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். காலையில் சரக்கு இறங்கும்போது தராசுப் பக்கத்தில் நில்லுங்கள், வெட்டி முடித்ததும் மறுபடி எடை போடுங்கள். ஸ்டோர் கீப்பர் முறைப்பார், பரவாயில்லை.

உணவுப் பாதுகாப்பிலும் கேள்வி வரும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நடத்தும் ஃபாஸ்டாக் (FoSTaC) பயிற்சியை முன்கூட்டியே முடித்துச் சான்றிதழ் வைத்திருங்கள். உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் என்பது கணக்கு, ஆகவே சான்றிதழோடு வருபவரைக் கடைக்காரர்கள் விரும்புவார்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சமைத்த உணவைக் கிடக்க விடக் கூடாது என்பதை ஏன் என்றும் சேர்த்துப் படியுங்கள்.

ஹாலைப் பற்றி ஒன்றே ஒன்று. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு பிரியாணி தீர்கிறது, வாசலில் கூட்டம், டெலிவரி ஆப் கத்திக்கொண்டே இருக்கிறது. "மாஸ்டர், அடுத்த தேக்சா எப்போ?" "இருவது நிமிஷம் தம்பி." மாஸ்டர் சொல்லும் இருபதை முப்பதாக எடுத்துக்கொண்டு, முதலில் ஆப்பை நிறுத்துங்கள், அப்புறம் வாசலில் நிற்பவர்களிடம் அரை மணி என்று சொல்லுங்கள். இதையும் இண்டர்வியூவில் கேட்டார்கள். "கஸ்டமரைச் சமாதானப்படுத்துவேன்" என்று சொன்னவருக்கு அந்த வேலை கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

வேலை கிடைத்தால், சம்பளத்தோடு பிரேக் ஷிஃப்ட் (நடுவில் சில மணி நேரம் விட்டு இரண்டு பகுதியாக வேலை) உண்டா, பி.எஃப். பிடிப்பார்களா என்றும் கேளுங்கள். 21,000 வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ.யையும் கேளுங்கள். கேஷ் டேலி முடித்துக் கதவு சாத்தும்போது 12 ஆகிவிடும், விம்கோ நகர் மெட்ரோ அதற்குள் நின்றுவிடும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் கடை வண்டி விடுவார்களா என்பதைச் சேரும் முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள்.