யோஸ்ட் தோண்டிய பள்ளம்: ஆன் ஆர்பர் நாட்குறிப்பு

செப்டம்பர் 12, 2024, வியாழன்

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி. படி இறங்க முடியவில்லை என்று இந்த மாதத்துக்கான சீசன் டிக்கெட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். அவருடைய கணவரோடு நான் போக வேண்டும். பெரியவர் சிறுவனாக இருந்த காலம் தொட்டு, இந்த ஊரில் இருக்கிற மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிச்சிகன் ஸ்டேடியத்துக்குப் போய்வருகிறவர். ஊரில் எல்லோரும் அதை 'பிக் ஹவுஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

இது நம் கால்பந்து கிடையாது. ஹெல்மெட் மாட்டி, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்கன் ஃபுட்பால். ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள். அதைப் பார்க்க 1,07,601 இடங்கள்! அமெரிக்காவிலேயே பெரிய ஸ்டேடியம் இதுதான்.

அந்தக் கடைசி 1 எதற்கு என்று பெரியவரிடம் கேட்டேன். "கிரிஸ்லருக்கு" என்றார். பயிற்சியாளராகவும் பின்னர் விளையாட்டுத் துறை இயக்குநராகவும் இருந்த ஃபிரிட்ஸ் கிரிஸ்லரின் நினைவாக ஒரு கூடுதல் இடமாம். 1956-ல் கொள்ளளவு 1,01,001 ஆனது. அதன் பிறகு எத்தனை முறை மாற்றினாலும் கடைசி இலக்கம் 1-தான். எது அந்த இடம் என்று யாருக்கும் சொல்வதில்லை. பெரியவர் தன் இடம்தான் அது என்கிறார். இருக்கட்டும்.

செப்டம்பர் 14, சனி

இத்தனை பெரிய ஸ்டேடியம் என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைப்போம். இங்கே உள்ளே நுழைந்ததும் காலடியில் பள்ளம் விரிகிறது, படிகள் கீழே கீழே போகின்றன. ஸ்டேடியத்தின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

எங்கள் பகுதியில் நாற்காலி எல்லாம் கிடையாது. அலுமினிய பெஞ்சில் எண் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். நெருக்கியடித்து உட்கார வேண்டும். நவம்பரில் ஆளாளுக்குக் கனத்த கோட்டோடு வருவார்களே, அப்போது என்ன செய்வார்களோ!

பேண்ட் 'தி விக்டர்ஸ்' வாசித்தது. 1898-ல் லூயி எல்பெல் என்ற மாணவர் எழுதிய பாட்டு. மொத்தக் கூட்டமும் முஷ்டியை மடக்கி உயர்த்திப் பாடுகிறது. வீரர்கள் ஓடிவந்து மைதானத்தில் பிடித்திருக்கும் நீலப் பதாகையைத் துள்ளித் தொட்டுவிட்டுப் போகிறார்கள். 28-18, மிச்சிகன் வெற்றி. ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

இரவு முழுக்க ஸ்டேடியத்தின் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஃபீல்டிங் யோஸ்ட் 1901-ல் மிச்சிகன் அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர். ஃபெரி ஃபீல்டு என்ற பழைய மைதானம் போதவில்லை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரும் இடம் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். படிக்க வந்த இடத்தில் இதென்ன என்று பேராசிரியர்களில் பலர் முகம் சுளித்தார்கள். கடைசியில் 72,000 பேருக்கு அனுமதி கிடைத்தது. யோஸ்ட் வாயை மூடிக்கொண்டு அஸ்திவாரத்தை மட்டும் பிற்பாடு விரிவாக்க வசதியாகப் போட்டுவைத்தார். சாமர்த்தியக்காரர்!

செலவு சுமார் ஒன்பதரை லட்சம் டாலர். அதற்காக 500 டாலர் பத்திரங்களை 3 சதவீத வட்டிக்கு விற்றார்கள். வாங்கியவர்களுக்கு டிக்கெட் வாங்கும் உரிமையும் உண்டு. 1927 அக்டோபர் 1 அன்று முதல் ஆட்டம். ஓஹையோ வெஸ்லியனை 33-0 என்று தோற்கடித்தார்கள்.

எனக்கு இதைவிட வியப்பு அறுபதுகளின் கதைதான். பெஞ்சுகள் காலியாகக் கிடந்த சனிக்கிழமைகள் அப்போது நிறைய உண்டு. 1968-ல் டான் கேனம் விளையாட்டுத் துறை இயக்குநராக வந்தார். விற்கத் தெரிந்த மனிதர். ஃபுட்பால் பைத்தியங்களை விட்டுவிட்டு, குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போக நினைப்பவர்களைக் குறிவைத்து வீடு வீடாகத் தபாலில் விளம்பரம் அனுப்பினார். மறுவருடம் பயிற்சியாளராக வந்த போ ஷெம்பெக்லர், பரம எதிரி ஓஹையோ ஸ்டேட்டை 24-12 என்று வீழ்த்தினார். 1975 நவம்பர் 8 தொடங்கி இங்கே நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லட்சத்துக்கு மேல் கூட்டம். ரசிகர்களே இல்லாமல் ஆடிய 2020-ஐ மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பாரம்பரியம், ரத்தத்தில் ஊறிய பாசம் என்று இங்கே பேசுவதில் பாதி, தபால் விளம்பரம் வளர்த்த பாசம். பெரியவரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

செப்டம்பர் 21, சனி

இன்று எதிரணி யு.எஸ்.சி., அதாவது சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். லாஸ் ஏஞ்சலிஸ் அணி. இந்த வருடம்தான் மிச்சிகன் ஆடுகிற 'பிக் டென்' என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பில் சேர்ந்திருக்கிறது.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற நம் குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஆர்ஜி மொத்த ஆட்டத்திலும் எறிந்து எடுத்தது 32 கெஜம். இதை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது? 24-20 என்று பின்தங்கியிருந்தோம். அப்புறம் கலெல் மல்லிங்ஸ் பந்தை வாங்கி 63 கெஜம் ஓடினார். புள்ளி கிடைக்கும் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து மூன்று முயற்சியும் வீண். நான்காவது, கடைசி முயற்சி. 37 வினாடிகள் மிச்சம். மல்லிங்ஸ் புகுந்துவிட்டார். 27-24.

பெஞ்ச் அதிர்ந்தது. முன்னே பின்னே தெரியாத ஒரு ஆள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார், நானும் கத்தினேன்.

செப்டம்பர் 23, திங்கள்

தொண்டை இன்னும் சரியாகவில்லை. முன்பெல்லாம் இந்தக் கூட்டத்தை அமைதியான கூட்டம் என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்களாம். திறந்த கிண்ணத்தில் சத்தம் மேலே போய்விடும். 2010-ல் 22.6 கோடி டாலரில் புதுப்பித்து இரண்டு பக்கமும் உயரமான கட்டடம் எழுப்பியபின் சத்தம் உள்ளேயே திரும்புகிறது. அங்கேதான் பணக்காரர்களுக்கான 81 தனி அறைகள். அதை எதிர்த்துப் போராடிய ரசிகர்களும் உண்டு. பெரியவரும் அந்தக் கட்சி. எனக்கும் அவர்கள் பக்கம்தான் மனம் போகிறது, ஆனால் சனிக்கிழமை அந்தச் சத்தத்தைக் கேட்டேனே!

இந்த சீசனில் பீரும் விற்கிறார்கள், இதுதான் முதல் தடவை. யோஸ்ட் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பெரியவரைக் கேட்டேன். வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு அடுத்த விரிவாக்கத்துக்கு அளவு எடுத்திருப்பார் என்றார். 28-ம் தேதி மினசோட்டா ஆட்டம். மறக்காமல் இருமல் மருந்து வாங்க வேண்டும்.