கரும்பலகையில் எழுதிய பை

1996ஆம் ஆண்டு மாரிகாலத்தில், லண்டன் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் நால்வர் பகிர்ந்திருந்த வாடகை அறையில், 'த நெட்' என்ற படத்தை வீடியோக் கசற்றில் பார்த்தேன். இர்வின் விங்க்ளர் இயக்கி, முந்திய ஆண்டில் வெளிவந்த படம் அது. கணினித் திரையின் மூலையில் சின்னஞ்சிறிதாக 'பை' (π) என்ற கணிதக் குறி ஒன்று தெரியும். கொன்ட்ரோல், ஷிஃப்ற் விசைகளை அழுத்தியபடி அதைச் சொடுக்கினால், பிறர் பார்க்கக் கூடாத அரச ஆவணங்களெல்லாம் திறந்துகொள்ளும். அந்தக் குறியைக் கண்டதும் எனக்கு எங்கள் கணித ஆசிரியரின் கரும்பலகைதான் நினைவுக்கு வந்தது. மேற்கோட்டைச் சற்று வளைத்து, வலக்காலின் நுனியைச் சுழித்து, சோக்குத் தூள் உதிர உதிர அவர் 'பை' எழுதுவார். 1990 முதல் மின்சாரமே இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில், எங்களில் எவரும் கண்ணால் காணாத கணினி எப்படிக் கணக்கிடுகிறது என்பதைப் பூச்சியத்தையும் ஒன்றையும் மட்டும் வைத்து விளக்கியவரும் அவரே.

படத்தின் நாயகி அஞ்சலா பெனற், சான்ட்ரா புல்லொக் ஏற்ற பாத்திரம். லொஸ் ஏஞ்சல்ஸ் வெனிஸில் தனியாக இருந்து, வீட்டிலிருந்தபடியே மென்பொருட்களின் பிழைகளைத் திருத்துபவள். பிற்சாவைக்கூடக் கணினியிலேயே தருவித்துக்கொள்வாள். மெக்சிக்கோவுக்கு விடுமுறையில் சென்றவள் திரும்பி வருவதற்குள், பதிவேடுகள் எல்லாவற்றிலும் அவள் றூத் மார்க்ஸ் என்ற குற்றவாளியாக மாற்றப்பட்டிருக்கிறாள். வீடு வெறுமையாக்கப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கிறது. அலுவலகத்தில் வேறொருத்தி அவளுடைய பெயரில் தொலைபேசியில் பேசுகிறாள். அயலவர்களுக்கு அவளது முகம் தெரியாது. நினைவிழப்பு நோயுற்ற தாய்க்கோ பெற்ற மகளையே தெரியவில்லை. அவளை நன்கறிந்த ஒரேயொரு மருத்துவ நண்பனையும், மருத்துவப் பதிவுகளைத் திரித்தே கொன்றுவிடுகிறார்கள். அரசையும் நிறுவனங்களையும் காப்பதாகச் சொல்லி விற்கப்படும் 'கேற்கீப்பர்' என்ற மென்பொருளே திருடர்களுக்கான பின்கதவாக இருப்பது கதையின் மையம். கணினித் துறையில் இத்தனை ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் காட்டப்படும் வேகங்கள் திரைக்காக மிகைப்படுத்தப்பட்டவை, ஆனால் எதிரே நிற்கும் ஆளை விடத் திரையில் உள்ள வரியையே அதிகாரி நம்புவான் என்பதில் மிகை எதுவும் இல்லை.

மெக்சிக்கோவில் நாடு திரும்பும் பத்திரத்துக்காக, தன்னுடையதல்லாத பெயருக்கு அவள் கையொப்பமிடும் காட்சியில் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் பரீட்சைப் பெறுபேறுகளும் தொலைந்துபோயின. இங்கு வந்த பின், ஓர் அலுவலகத்தில் தந்தையின் பெயரையும் எனது பெயரையும் இடம் மாற்றிப் பதிந்துவிட்டார்கள். பிழையென்று சொல்லத் தேவையான ஆங்கிலம் அன்று என்னிடம் இருக்கவில்லை, ஒப்பமிட்டேன். அதன்பின் ஓராண்டுக்கு மேலாக, மருத்துவமனை வரிசையிலும் வகுப்பறையிலும் என்னை அப்பாவின் பெயராலேயே கூப்பிட்டார்கள். அவர் அப்போது வன்னியில் இருந்தார். ஒவ்வொரு முறை அப்பெயர் கேட்கும்போதும் அவர் வந்துவிட்டாரோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்ப்பேன்.

இதைச் சீர்செய்தவர் அதே கணித ஆசிரியர். மகளுடன் வாழ லண்டன் வந்திருந்த அவரைச் சங்கத்தின் மூலம் தேடிக் கண்டேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னால் நிற்பது தகப்பனார் பெயர் என்பதைப் பொறுமையாக விளக்கி, இம்மாணவனை ஏழாண்டுகள் அறிவேன் என்று கையால் எழுதி ஒப்பமிட்டுத் தந்தார். எழுதுவதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டு எங்கள் வகுப்பு இடாப்பை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். போரில் இறந்துபோன இருவரின் பெயர்களையும் விடாமல் சொன்னார். பதினேழாவதாக என் பெயர் வந்தபோது, "உள்ளேன் சேர்" என்று எழுந்து நின்றேன்.