ஒரே சரக்கு விற்கும் லிஸ்பன் கடைகள்

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெலேம் கோபுரம், 28-ஆம் எண் டிராம், கஸ்டர்டு டார்ட் என்று ஒரு பட்டியலோடு போவார்கள். அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஊரில் எனக்குப் பிடித்தவை அதன் கடைகள்தான். அதுவும் ஒரே ஒரு சரக்கை மட்டும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வரும் கடைகள். லொரேட்டோ தெருவில் மெழுகுவர்த்தி மட்டும் விற்கும் கடை 1789 முதல் நடக்கிறது. ரோசியோ சதுக்கத்துப் பக்கம் தொப்பிக்கடை ஒன்று 1886 முதல்.

கார்மு தெருவில் 'லுவாரியா உலிசெஸ்' என்ற கையுறைக்கடை இருக்கிறது. ஆரம்பித்தது 1925-இல். நம் ஊர்ப் பெட்டிக்கடை அளவுதான் இருக்கும். இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டியதுதான். கடைக்காரர் கையைப் பார்த்தே அளவு சொல்லிவிடுகிறார். மேசைமேல் சின்னத் தலையணை ஒன்று கிடக்கும். அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அவர் மரக்கிடுக்கி ஒன்றைக் கையுறையின் விரல்களுக்குள் விட்டு அகட்டி, உள்ளே கொஞ்சம் பவுடர் தூவி, விரல் விரலாக இழுத்து மாட்டிவிடுகிறார். வெளியே வரிசை நீளுகிறதே என்ற பதற்றம் அவரிடம் கொஞ்சமும் இல்லை. சென்னை வெயிலில் தோல் கையுறையை எங்கே போடப்போகிறாய் என்று மனசு கேட்டது. கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று வாங்கிவிட்டேன்.

அப்புறம் மீன் டப்பா. ஆற்றங்கரைக்கு அருகே பக்கல்யொய்ருஷ் தெருவில் 1930 முதல் நடக்கும் 'கொன்செர்வெய்ரா டி லிஸ்போவா'. சுவர் முழுக்க மர அலமாரி, அதில் கூரைவரை மத்தி, சூரை, கணவாய் டப்பாக்கள். ஒவ்வொன்றையும் காகிதத்தில் பொதிந்து சணலால் கட்டித் தருகிறார்கள். ஆலிவ் எண்ணெயில் ஊறும் மத்தி வருடம் போகப்போக ருசி கூடும் என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. நகர மையத்தில் கலர் கலராக விளக்குப் போட்டு, பிறந்த வருடம் அச்சிட்ட டப்பா விற்கும் கடைகளும் உண்டு. போட்டோ எடுக்க நல்ல இடம். சாப்பிட வாங்குவதாக இருந்தால் பழைய கடைக்கே போங்கள்.

ஷியாடோவில் இருக்கும் பெர்த்ரான் புத்தகக்கடை 1732-இல் தொடங்கியது. 1755 பூகம்பத்தில் கடை அழிந்துபோக, 1773-இல் இப்போதைய இடத்துக்கு வந்திருக்கிறார்கள். இன்றும் இயங்கும் புத்தகக்கடைகளில் உலகிலேயே பழையது இதுதான் என்று கின்னஸ் சொல்கிறது. ஆனால் தமிழ் இந்த ஊருக்கு அதற்கும் முந்தியது. 1554-இல் ரோமன் எழுத்தில் தமிழ் முதன்முதலாக அச்சேறியது இதே லிஸ்பனில்தான். அது ஒரு கிறிஸ்தவ மறைக்கல்விக் கையேடு.

இந்தக் கடைகளுக்கு இன்றைய எதிரி வாடகை. 2012-இல் வாடகைச் சட்டம் தளர்ந்தது, சுற்றுலாவும் பெருகியது. பழைய கட்டடங்கள் ஹோட்டல்களாக மாறத் தொடங்கின. 2015-இல் மாநகராட்சி 'வரலாறுள்ள கடைகள்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்து அங்கீகாரம் கொடுக்க ஆரம்பித்தது. அப்படியும் சில கடைகள் மூடத்தான் செய்தன.

செவ்வாய் அல்லது சனியன்று ஊரில் இருந்தால் சாந்தா கிளாரா திடலில் கூடும் 'ஃபெய்ரா டா லாட்ரா' பழம்பொருள் சந்தைக்குப் போகலாம். காலையிலேயே போய்விடுங்கள். தரையில் துணி விரித்து, துருப்பிடித்த சாவி, ரேடியோ, ஆப்பிரிக்கக் காலனிகளின் நாணயம், யாருடையதோ கல்யாண போட்டோ என்று எல்லாவற்றையும் பரப்பியிருப்பார்கள். பேரம் பேசலாம், தப்பில்லை.

ஒன்றில் மட்டும் கவனம்: நீல வெள்ளைப் பழைய ஓடுகள். அசுலேஜு என்பார்கள். வீட்டுச் சுவர்களிலிருந்து பெயர்த்துத் திருடிய ஓடுகளும் சந்தைக்கு வந்துவிடுவதால், அந்த நாட்டுக் குற்றப் புலனாய்வுப் போலீசின் அருங்காட்சியகமே 2007-இல் இதற்கென ஓர் இயக்கம் தொடங்கியது. பின்பக்கம் சுண்ணாம்புக் காரை ஒட்டிய ஓடு ஒன்றை ஒருவர் என் கையில் வைத்து விலை சொன்னார். அழகாகத்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்து விரிப்பில் பித்தளைக் கதவுப்பிடி ஒன்றை ஐந்து யூரோவுக்கு வாங்கினேன். அதுவும் எந்த வீட்டுக் கதவிலிருந்து வந்ததோ, கேட்கவில்லை.