மலைமேல் ஒரு டவர்: எர்த்தையும் 48 வோல்ட் டிசியையும் மாற்றி அமைத்த அனுபவம்

தேனி மாவட்டத்தின் மேற்கு மலைச்சரிவில், பாறைமேல் நிற்கும் 24 மீட்டர் டவர் ஒன்றின் எர்த்தையும் மின் வழங்கலையும் முழுவதுமாக மாற்றி அமைக்கும் பொறுப்பு எங்கள் சிறிய இணையச் சேவைக் குழுவுக்கு வந்தது. கோடை இடியும் ஐப்பசி மழையின் இடியும் அந்தச் சரிவை விட்டுவைப்பதில்லை. ஒவ்வொரு இடிமழைக்குப் பிறகும் கீழே அறையில் உள்ள நெட்வொர்க் சுவிட்சில் சில ஈதர்நெட் போர்ட்டுகள் செத்துக் கிடக்கும். டவர் உச்சியில் இருக்கும், இணையத்தைக் கம்பியில்லாமல் அனுப்பும் ரேடியோக்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கும். மின்னல் ரேடியோவுக்குள் புகுந்து கீழே இறங்கியிருந்தால் ரேடியோதான் முதலில் போயிருக்க வேண்டும் என்பதால், பழுதின் வேர் மேலே இல்லை, தரையில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தோம்.

டவருக்கு ஓர் எர்த் பிட் (எர்த் இணைப்பு மண்ணுக்குள் இறங்கும் குழி), கருவி அறைக்கு இன்னொன்று, மின்வாரிய மீட்டருக்கு மூன்றாவது என மூன்று இருந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. கருவிகளுக்குச் ‘சுத்தமான எர்த்’ தனியாக வேண்டும் என்ற எண்ணத்தில் முந்தைய ஒப்பந்ததாரர் அப்படிச் செய்திருந்தார். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்களே உறுதியாக நம்பும் இந்த எண்ணம், டவர் இருக்கும் இடத்தில் மிகவும் ஆபத்தானது. மின்னலின் முதல் வீச்சில் 30,000 ஆம்பியர் அளவு மின்னோட்டம் பாய்வது வழக்கமான ஒன்றுதான். டவர் எர்த்தின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், டவரின் அடிப்பகுதி ஒரு கணம் 3 லட்சம் வோல்ட் வரை உயர்ந்துவிடும். தனி எர்த் கொண்ட அறையோ அந்தக் கணத்தில் ஏறக்குறைய பூஜ்ஜியத்திலேயே நிற்கும். இவ்விரண்டையும் இணைக்கும் வழி ஷீல்டு போட்ட ஈதர்நெட் கேபிளும் அது சென்று நுழையும் போர்ட்டும் மட்டுமே என்னும்போது, போர்ட் எரியாமல் இருந்தால்தான் வியப்பு.

ஆகவே எர்த் தடையைக் குறைப்பதைவிட எல்லா எர்த்தையும் ஒன்றாகக் கட்டுவதற்கே முதலிடம் கொடுத்தோம். டவரின் கால்களையும் அறையையும் சுற்றி, மண் கிடைத்த இடத்திலெல்லாம் பள்ளம் பறித்து ஜிஐ பட்டையை (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) வளையமாகப் புதைத்தோம். பாறை குறுக்கிட்ட இடங்களில் பட்டையைச் சுற்றி ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண்ணை நிரப்பினோம். மூன்று பிட்டுகளும் இந்த வளையத்தில் சேர்ந்தன. அளவிடுவதுதான் சிரமமாக இருந்தது. எர்த் டெஸ்டரின் மின்னோட்ட முளையைத் தொலைவில் அடித்து, மின்னழுத்த முளையை அந்தத் தொலைவின் 62 சதவீதத்தில் அடிக்க வேண்டும் என்பது முறை. பாறையில் முளை இறங்காததால் கிடைத்த மண்திட்டுகளில் அடித்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, முளைகளை இடம் மாற்றி மாற்றி அளந்து பார்த்த பிறகே அந்த எண்ணை நம்பினோம்.

கம்பி செல்லும் வழியும் தடையளவுக்கு முக்கியம். ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி தூண்டம் (மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) உண்டு. மின்னோட்டம் மைக்ரோ விநாடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால், அந்த ஒரு மீட்டரின் இரு முனைகளுக்கிடையே மட்டும் 10,000 வோல்ட் தோன்றும். அதனால் எர்த் கம்பிகளைக் குறுகியதாகவும், கூர்மையான மடிப்பு இல்லாமல் அகலமான வளைவோடும் இறக்கினோம். கேபிள்கள் அனைத்தும் அறைக்குள் ஒரே துளை வழியாக நுழையுமாறு செய்து, அந்தத் துளைக்கு அருகிலேயே எர்த் பஸ்பாரைப் (எர்த் கம்பிகள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை) பொருத்தி, ஈதர்நெட், டிசி, ஏசி மூன்றின் எஸ்பிடிகளையும் (திடீர் மின்னழுத்த உயர்வை எர்த்துக்குத் திருப்பிவிடும் பாதுகாப்புக் கருவிகள்) அதே பஸ்பாரில் கட்டினோம்.

பழைய இணைப்பு ஒன்றைக் கழற்றியபோது கண்டதைச் சொல்ல வேண்டும். துத்தநாகம் பூசிய டவர் காலில் வெறும் செம்புப் பட்டையை நேரடியாகப் போல்ட் போட்டிருந்தார்கள். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டியிருந்தது. அதைச் சுரண்டினால் கீழே துத்தநாகம் போய்த் துரு தெரிந்தது. பட்டையைக் கையால் அசைக்க முடிந்தது. செம்பும் துத்தநாகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் துத்தநாகமே அரிக்கப்படும். புதிய இணைப்புகளில் வெள்ளீயம் பூசிய செம்பு லக்குகளையும் (கம்பி முனையில் மாட்டும் இணைப்பு வளையங்கள்) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளையும் மட்டுமே பயன்படுத்தினோம்.

மின் வழங்கலில் பழைய 24 வோல்ட்டை விட்டு 48 வோல்ட்டுக்கு மாறினோம். 40 மீட்டர் தூரம் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், போக வர சேர்த்து, தடை 0.6 ஓம் அளவுக்கு வரும். 96 வாட் சுமைக்கு 24 வோல்ட்டில் 4 ஆம்பியர் தேவை, கம்பியிலேயே 2.4 வோல்ட் போய்விடும். 48 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் ஆற்றல் கால் பங்காகக் குறையும்.

ஆனால் எங்களுக்குக் கிடைத்த, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் தொலைத்தொடர்பு வகையைச் சேர்ந்தது; அதில் பாசிட்டிவ் முனைதான் எர்த்தில் இருக்கும், சுமைக்கு மைனஸ் 48 வோல்ட் போகும். மண்ணைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும் உலோகம் எளிதில் அரிக்கப்படாது என்பதற்காகத் தொலைபேசித் துறையில் தொடங்கிய வழக்கம் இது. இணையக் கருவிகள் பலவற்றிலோ நெகட்டிவ் முனை உள்ளுக்குள் உலோகப் பெட்டியோடு இணைந்திருக்கும். இரண்டையும் அப்படியே இணைத்தால் பெட்டியின் எர்த் வழியாக நேர் ஷார்ட் சர்க்யூட் ஆகும். எனவே எந்தக் கருவியையும் இணைக்கும் முன், அதன் நெகட்டிவ் முனைக்கும் பெட்டிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். எங்கள் சுவிட்சில் மீட்டர் உடனே பீப் அடித்தது. அதற்கும் பழைய 24 வோல்ட் ரேடியோக்களுக்கும் உள்ளீடும் வெளியீடும் தனிமைப்படுத்தப்பட்ட டிசி-டிசி கன்வெர்ட்டர்களைப் போட்டோம். பிரேக்கர்களும் டிசிக்கென்றே தரமிடப்பட்டவை. டிசி மின்னோட்டம் ஏசியைப்போல பூஜ்ஜியத்தைக் கடக்காததால், சாதாரண ஏசி எம்சிபிக்குள் (வீட்டில் இருக்கும் வகை பிரேக்கர்) தீப்பொறி அணையாமல் நின்று எரியக்கூடும்.

அடுத்து வந்த ஐப்பசி மழையில் டிசி எஸ்பிடி ஒன்றின் சாளரம் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியிருந்தது. போர்ட் எதுவும் போகவில்லை. அந்த எஸ்பிடியின் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினோம். இனி மீதமிருப்பது பேட்டரி. தொடராக இணைத்த நான்கு 12 வோல்ட் விஆர்எல்ஏ (மூடிய ஈய-அமில வகை) பேட்டரிகள் 54 வோல்ட் மிதவை மின்னழுத்தத்தில் (முழுச் சார்ஜிலேயே வைத்திருக்கும் மின்னழுத்தம்) இருக்கின்றன. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதால், தகரக் கூரை போட்ட அந்த அறைக்கு முதலில் காற்றோட்டமும் மேல்நிழலும் அமைக்க ஏற்பாடு செய்து வருகிறோம்.