கால் பங்கு விமானம்

தப்பு என் மேல்தான். அம்மாவிடம் போனில் சொல்லும்போது ‘பங்கு’ என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

“ஒரு சின்ன பிளேன்ல நாங்க நாலு பேரு பங்கு போட்டிருக்கோம்மா” என்றேன். அம்மா காதில் பிளேன் மட்டும் விழுந்தது. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு ஆச்சிக்குச் செய்தி போனது. ஆச்சியிடமிருந்து வள்ளியூர் சந்தைக்குப் போனது. பணகுடிச் சித்தி எனக்குப் போன் செய்தபோது நான் பிளேன் கம்பெனியே ஆரம்பித்திருந்தேன். சித்தி தன் மகனுக்கு அதில் ஒரு வேலையும் கேட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மாடன் கோயில் திருவிழாவான ஆடிக் கொடைக்கு ஊருக்கு வந்தேன். சென்னை வரைக்கும் யாரோ ஓட்டிய பிளேன். அப்புறம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த். வள்ளியூர் ஸ்டேஷனில் பெட்டியும் கையுமாக இறங்கிய என்னை ஆட்டோக்காரர் மேலும் கீழும் பார்த்தார். “பிளேன் வாங்குனது நீங்கதானா?” என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டியதற்கு வழக்கமான வாடகைக்கு மேல் 50 ரூபாய் ஆனது.

உண்மை நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது டெக்சாஸில். அங்கே ஊருக்கு ஊர் சின்னச் சின்ன ஏர்போர்ட்டுகள் உண்டு, நம் பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டு மாதிரி. எங்கள் பிளேன் ஒரு செஸ்னா 172. 1955-ல் முதலில் பறந்த மாடல். 44,000-க்கும் மேல் செய்துவிட்டார்கள். உலகத்தில் இவ்வளவு எண்ணிக்கையில் செய்த விமானம் வேறு கிடையாது. எங்களுடையது 1975-ல் பிறந்தது, என்னைவிட மூத்தது. ஒரு எஞ்சின், நாலு சிலிண்டர், 150 குதிரைத்திறன், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். நாலு பேர் உட்காரலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. டேங்கை நிரப்பிவிட்டு, கொடை விருந்தில் சாப்பிட்ட நாலு பேரை ஏற்றினால் எடைக் கணக்கு இடிக்கும்.

பங்காளிகள் ஒரு பல் டாக்டர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு ஏசி மெக்கானிக், அப்புறம் நான். என் பங்குக்கு வந்த விலை திருநெல்வேலியில் ஒரு நல்ல கார் வாங்குகிற காசுதான். வாங்கும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

ஊரில் இதை யாருக்கும் விளக்க முடியவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், “கயத்தாத்துல வெள்ளக்காரன் காலத்து ரன்வே சும்மாத்தான கெடக்கு, அங்க எறக்குனா என்ன?” என்று கேட்டார். டேங்க் நிறைந்திருந்தால் நாலு மணி நேரம்தான் பறக்கும், நடுவில் அட்லாண்டிக் கடல் கிடக்கிறது என்றேன். “பங்கு எதுவும் வழியில கெடையாதா?” என்றார். அந்தப் பங்கு பெட்ரோல் பங்க் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

புரிந்துகொண்ட ஒரே ஆள் என் மாமா. அவருக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவருக்கு ஒரு பங்குக் கிணறு இருக்கிறது. நாலு பங்காளிகள், ஒரே மோட்டார், நாலு நாளைக்கு ஒரு தடவை முறை வரும். முப்பது வருஷமாக அந்தக் கிணற்றில் தண்ணீரைவிடப் பஞ்சாயத்தைத்தான் அதிகமாக இறைத்திருக்கிறார்கள்.

திண்ணையில் உட்கார வைத்து விசாரணையை ஆரம்பித்தார்.

“நாலு பங்குன்னா அதுல எந்தக் கால் ஒன்னுது மருமவனே?”

“அப்பிடிப் பிரிக்க முடியாது மாமா. முழுசும் எல்லாருக்கும்.”

“கூட்டுப் பட்டா! வெளங்கும். வில்லங்கம் பாத்தியா?”

பார்த்தோம். அமெரிக்காவில் விமானப் பதிவேடெல்லாம் ஓக்லஹோமா நகரத்தில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. விமானத்தின் பேரில் கடன் நிற்கிறதா, யார் யாரிடம் கைமாறி வந்தது என்று அங்கே தேடிச் சொல்வதற்கே ஆட்கள் உண்டு. அது போக லாக் புத்தகங்கள். 1975-லிருந்து எந்தத் தேதியில் ஆயில் மாற்றினார்கள், எந்தத் தேதியில் டயர் மாற்றினார்கள் என்று மெக்கானிக் கையெழுத்தோடு இருக்கும். அதைத் தொலைத்தால் விமானத்தின் விலை தொப்பென்று விழுந்துவிடும். மாமா திருப்தியாகத் தலையசைத்தார். “மூலப் பத்திரம் இருக்கு. சரி. பல்லைப் புடிச்சுப் பாத்தியா?”

மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடித்து வந்தவர் அப்படித்தான் கேட்பார். அதுவும் உண்டு. சிலிண்டருக்குள் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றை விட்டு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். குறைந்தால் காதை வைத்துக் கேட்பார்கள். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றுகிற வாயில் சீறினால் பிஸ்டன் ரிங்கில் கோளாறு. பழைய ஆயிலைச் சின்னக் குப்பியில் பிடித்து லேபுக்கு அனுப்பினால், அதில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று ரத்தப் பரிசோதனை மாதிரி எழுதி அனுப்புவார்கள். மாமா ஆச்சரியப்படவில்லை. மாட்டுக்கு இதைவிட அதிகம் பார்ப்போம் என்பது போலிருந்தது முகம்.

“எண்ணெய் என்ன ஊத்துத?”

“தனிப் பெட்ரோல் மாமா. நீலமா இருக்கும்.”

“ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரியா?”

நிறம் அதேதான். பெரிய ஜெட்டுகள்தான் மண்ணெண்ணெய் ஜாதி எரிபொருளில் ஓடும், எங்களுடையதில் அதை ஊற்றினால் எஞ்சின் நின்றுவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். பெரிய பிளேனுக்கு ரேஷன் மண்ணெண்ணெய், சின்னப் பிளேனுக்கு நீலப் பெட்ரோல் என்ற ஏற்பாட்டை அவரால் கடைசிவரை ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் டேங்க்குக்கு அடியிலிருந்து ஒரு கப்பில் பிடித்து, தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம் என்றதை மட்டும் பாராட்டினார். மணிக்கு 30 லிட்டர் என்றதும் மனக்கணக்குப் போட்டு, “அம்பாசிடரே இதைவிடத் தருமே” என்றார்.

அம்மாவின் கவலை வேறு. “ராத்திரி எங்க நிறுத்துவ?”

ஷெட்டுக்குப் பெயர் கொடுத்து மூன்று வருஷமாகக் காத்திருக்கிறோம். அதுவரை திறந்தவெளியில்தான். இந்த றெக்கைக்கு ஒன்று, அந்த றெக்கைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று என்று மூன்று கயிறு போட்டுத் தரையில் இருக்கும் வளையத்தில் கட்டிவிடுவோம் என்றேன். அம்மாவுக்குக் கண் கலங்கியே விட்டது. மாமாவோ உற்சாகமாகிவிட்டார். “எடை எவ்வளவு?” வெறும் பிளேன் 630 கிலோ சொச்சம். “அவ்வளவுதானா! பணகுடி ஆடிக் காத்துக்கு இது திசையன்விளை போயிரும். என்ன முடிச்சுப் போடுத?” என்றவர் கொடியில் கிடந்த கயிற்றை உருவி, திண்ணைத் தூணில் காளைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுக் காட்டினார். நான் மூன்று தடவை போட்டுக் காட்டிய பிறகுதான் விட்டார்.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கடைசியா ஓட்டுதவன் எண்ணெய் ஊத்தி வைக்கானா?”

மனுஷன் நேராகப் புண்ணில் கை வைத்துவிட்டார். எங்கள் ஒப்பந்தத்தில் இறங்கியவர் டேங்கை நிரப்பி வைக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பல் டாக்டர் நிரப்ப மாட்டார். கேட்டால் எடை குறைவாக இருப்பது அடுத்தவருக்கு நல்லது என்பார். போன வருஷப் பரிசோதனையில் மூன்றாம் சிலிண்டர் 80-க்கு 52 காட்டியது, வால்வு சீறியது. அவ்வளவுதான், யார் ஓட்டியதால் கெட்டது என்று நாலு பேரும் ஒரு மாதம் இமெயிலில் அடித்துக்கொண்டோம். பரிசோதனைக் கூலி தனி, பார்த்ததில் கண்டுபிடித்ததைச் சரிசெய்கிற கூலி தனி. விமானத்துக்கு என்று சொன்னால் சாமானின் விலை எகிறிவிடும். கல்யாண வீட்டுக்கு என்று சொன்னால் வாழை இலை விலை ஏறுமே, அதுபோல. இதையெல்லாம் சொன்னதும் மாமா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார்.

“மோட்டார் போனா யாரு முறையில போச்சுன்னு பாக்கக் கூடாது. நாலா வகுத்துப் போட்டு அழுதுட்டுப் போயிரணும். அதப் பாக்கப் போயித்தான் நாங்க ரெண்டு வருசம் பேசாம இருந்தோம்.”

மறுநாள் காலையில் ஒரு பையன் சைக்கிளில் வந்து நின்றான். கிணற்று மோட்டார் ஓடவில்லை. மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மோட்டார் ரூம் வாசலில் மற்ற மூன்று பங்காளிகளும் முன்னமே நின்றுகொண்டிருந்தார்கள். நேற்று முறை இருந்தவர், தான் நிறுத்தும்போது நன்றாக ஓடியது என்றார். இன்றைய முறைக்காரர், தான் இன்னும் போடவே இல்லை என்றார். எனக்கு டெக்சாஸ் ஞாபகம் வந்துவிட்டது.

“உர்ர்ருன்னு உறுமுது, சுத்த மாட்டக்கி” என்றார் ஒருவர். காயில் போயிருக்கும், வள்ளியூருக்குக் கொண்டு போகணும் என்றார் இன்னொருவர். மாமா என்னை முன்னால் தள்ளினார். “இவன் 150 குதிரை மோட்டார் வச்சிருக்கவன். இவன் பாப்பான்.”

அந்த மோட்டாரில் எனக்கு என்ன அனுமதி என்று அவர்களுக்குத் தெரியாது. ஆயில், ஸ்பார்க் பிளக், டயர் இப்படிச் சில்லறை வேலைகளை அமெரிக்காவில் பைலட்டாக இருக்கும் உரிமையாளரே செய்யலாம், மற்றதெல்லாம் லைசன்ஸ் உள்ள மெக்கானிக் கைதான் படவேண்டும். ஆனால் எனக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. ஒரு தடவை ரன்வேயில் பாதி தூரம் ஓடியும் வேகமானி முள் அசையவில்லை. பிரேக்கைப் பிடித்துத் திரும்பி வந்து பார்த்தால், றெக்கைக்குக் கீழே, வேகத்தை அளக்கக் காற்றை வாங்குகிற சின்னக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அந்தக் குழாய்க்குச் சிவப்புத் துணியில் உறை உண்டு, மாட்ட மறந்தது யார் என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. அன்றிலிருந்து எது ஓடவில்லை என்றாலும் முதலில் பூச்சியைத் தேடுவேன்.

“பீஸ் கட்டையை உருவுங்க” என்றேன். உருவினார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தேன். உள்ளே கான்டாக்டுக்கு நடுவில் ஒரு பல்லி, அப்பளம் மாதிரி காய்ந்து ஒட்டிக் கிடந்தது. மூன்று ஃபேஸில் ஒன்று சேரவில்லை, அதனால்தான் உறுமல். இன்னும் கொஞ்ச நேரம் போட்டிருந்தால் நிஜமாகவே காயில் போயிருக்கும். குச்சியால் பல்லியைத் தட்டிவிட்டுத் துடைத்துப் போட்டதும் தண்ணீர் தொட்டியில் விழுந்தது. விமானம் வாங்கியதற்கு இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்த அஞ்சு குதிரை மோட்டார் ரூமில்தான்.

மரியாதை சாயங்காலம் வரை நின்றது. கொடைக் கமிட்டியிலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். வீட்டுக்கு 2,000 ரூபாய் வரி. எனக்கு மட்டும் 20,000 எழுதியிருந்தார்கள்.

“தம்பி நல்லா இருக்கியளா? பிளேன்லாம் வாங்கியிருக்கிய. மாடனுக்குச் செய்ய மாட்டியளா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். “பிளேன்ல அவனுக்குக் கால்வாசிதான். நீங்க கேக்கதுல கால் பங்கு தருவான்.” பொருளாளர் யோசித்தார். கணக்கில் தப்பு எதுவும் இல்லை. 5,000 ரூபாய்க்கு ரசீது போட்டார். அந்தக் கால் பங்கால் எனக்கு வந்த முதல் லாபம் அது.

கொடை அன்றைக்குப் பந்தல் வாசலில் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். என் பாஸ்போர்ட் போட்டோ, கூலிங் கிளாஸ் ஒட்டவைத்தது. கீழே ‘அமெரிக்க விமான அதிபர் வழங்கும் அன்னதானம்’. என் தலைக்கு மேலே பிரம்மாண்டமான ஜம்போ ஜெட் ஒன்று மகேந்திரகிரி மலையைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போய், விரலை நீட்டி றெக்கைக்கு அடியில் எண்ணினார்.

“ஏல, இதுல நாலு மோட்டார்லா இருக்கு” என்றார். “இந்த மாதிரி வாங்கியிருக்கணும் மருமவனே. ஆளுக்கு ஒண்ணு, சண்டையே வராது.”