கடலூர் பின்கோடு பகா எண்ணா? கையால் வகுத்துப் பார்த்தேன்

மஞ்சக்குப்பத்தில் இருப்பவர்கள் விலாசத்தில் எழுதும் பின்கோடு 607001. இது பகா எண்தானா என்று தாளும் பேனாவுமாகப் பார்த்துவிட நினைத்தேன். போனில் தட்டினால் நொடியில் விடை வந்துவிடும். ஆனால் எது எவ்வளவில் தப்பியது என்று தெரியாது. எனக்கு வேண்டியது அதுதான்.

779-இன் வர்க்கம் 606841. 780-இன் வர்க்கம் 608400. ஆகவே 779-க்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்தால் போதும். மொத்தம் 137. சின்ன எண்களை வாய்க்கணக்கிலேயே முடித்துவிடலாம். 7-க்கு மீதி 3, 13-க்கு மீதி 5. நூறைத் தாண்டியபின்தான் பொறுமை வேண்டும். 541 வந்தபோது மாட்டிக்கொண்டது என்றே நினைத்தேன். 541 × 1122 = 607002. ஒன்றில் தப்பியது! 607-க்கு மீதி 1. கடைசி எண்ணான 773-க்கு மீதி 196. ஆக, பகா எண்தான்.

சரி, அக்கம்பக்கம் எப்படி? திருப்பாதிரிப்புலியூரின் 607002-க்கு விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது: 2 × 3 × 11 × 17 × 541. அடுத்தது முதுநகர், 607003. இதற்கும் முதலிலிருந்து வகுக்க வேண்டியதில்லை. பழைய மீதி ஒவ்வொன்றோடும் 2 கூட்டி, அது வகுத்த எண்ணுக்குச் சமமாகிறதா என்று பார்த்தால் போதும். 263-க்கு மீதி 260 இருந்தது; 261 இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். 577-க்கு 574, அங்கேயும் ஒன்று குறைவு. இரண்டும் சேர்ந்து 607004-இல் போய் உட்கார்ந்திருக்கின்றன: 4 × 263 × 577. பட்டியல் முழுக்க ஒன்றுகூடச் சிக்கவில்லை. 607003-உம் பகா எண்!

அதாவது மஞ்சக்குப்பமும் முதுநகரும் இரட்டைப் பகா எண்கள், இரண்டே வித்தியாசத்தில் வரும் பகா ஜோடி. இப்படிப்பட்ட ஜோடிகள் முடிவில்லாமல் வருமா என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இடைவெளி 7 கோடிக்குள் இருக்கும் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று 2013-இல் யிடாங் ஜாங் என்ற கணிதவியலாளர் நிரூபித்ததே பெரிய செய்தியாக இருந்தது.

ஆனால் இந்த ஜோடிக்குள் ஒரு பேதம் உண்டு. 4-ஆல் வகுத்தால் 607001-க்கு மீதி 1, 607003-க்கு மீதி 3. மீதி 1 வரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டாக, ஒரே ஒரு வழியில் எழுதலாம் என்று ஃபெர்மா 1640-இல் எழுதினார்; பிறகு ஆய்லர் நிரூபித்தார். 779-இலிருந்து கீழே இறங்கி, ஒவ்வொரு வர்க்கமாகக் கழித்துப் பார்த்தேன். மிச்சம் 2, 3, 7, 8-இல் முடிந்தால் யோசிக்காமல் தள்ளிவிடலாம், முழு வர்க்கம் அப்படி முடியாது. 701-இல் கிடைத்தது: 491401 போக மிச்சம் 115600, அது 340-இன் வர்க்கம். முதுநகருக்கு இந்தப் பாக்கியம் இல்லை. மீதி 3 என்பதால் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

அப்புறம் புதுச்சேரி, 605001. இலக்கங்களைக் கூட்டினால் 12, ஆகவே 3-ஆல் வகுபடும். முதல் அடியிலேயே அவுட். ஆனால் ஈவு 201667 லேசுப்பட்டதல்ல. 449-இன் வர்க்கம் 201601. ஈவு அதைவிட 66 மட்டுமே கூடுதல் என்பதால் 449 வரை போயே ஆகவேண்டும். போனேன். மீதி 66. அதுவும் பகா எண்தான்.